சார்ஜும் சூடும் ஒரே புகாராக வரும்போது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுப் பட்டறைகளில் வேலை குவிவது இந்த 61 நாளில்தான். ஸ்லீவ், பிஸ்டன், கியர்பாக்ஸ் என்று பெரிய வேலைகள் முன்னால் வந்துவிடும். படகு தண்ணீரில் இறங்கிய பிறகு, கடைசி வாரத்தில், ஒரு புகார் வந்து நிற்கும்: “பேட்டரி நிக்க மாட்டேங்குது, இன்ஜினும் சூடேறுது.”

உடனே எலெக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போகிறார். ஃபிட்டர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. படகு உரிமையாளருக்கு இரண்டு பில் வருகிறது. முதல் வாரக் கடலிலேயே அதே புகார் திரும்பி வருவதும் நம்மில் பலருக்குப் பழகிய கதை. பழைய இன்ஜினில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், ஒரே கோளாறு என்று எண்ணித்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இரண்டு கோளாறு என்று அளந்து தெரிந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

பழைய டீசல் இன்ஜின்கள் பலவற்றில் நன்னீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே வி-பெல்ட் சுற்றுகிறது. அந்த பெல்ட் வழுக்கினால் கரன்ட்டும் குறையும், தண்ணீர் ஓட்டமும் குறையும். “பெல்ட் டைட்டாத்தான் இருக்கு” என்று கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நகர்வது போதாது. புல்லியின் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட் பிடிக்க வேண்டியது பள்ளத்தின் இரு சாய்ந்த சுவர்களையும்தான். அடித்தளம் அதைத் தொடவே கூடாது. அடித்தளம் கண்ணாடி போலப் பளபளத்தால், தேய்ந்த புல்லியில் பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கும். பம்ப் பேரிங்தான் போகும். புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருப்பதும், நிறுத்திய உடனே புல்லி கொதிப்பதும் இதற்குச் சாட்சி.

இன்ஜின் பழையது, படகில் ஏற்றியிருக்கும் மின்சுமை பழையதல்ல. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், விஹெச்எஃப், எல்இடி விளக்குகள், போதாததற்கு ஃபோன் சார்ஜ் போட ஒரு இன்வெர்ட்டர். 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை எடுத்துவிட்டு 100 ஆம்பியரைப் பூட்டித் தருகிறோம், பெல்ட் மட்டும் அதே ஒற்றை பெல்ட். கணக்குப் போட்டால் விளங்கும். 14 வோல்ட்டில் 100 ஆம்பியர் என்றால் 1,400 வாட். இந்த வகை ஆல்டர்னேட்டரின் செயல்திறன் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ஆக பெல்ட் இழுக்க வேண்டியது ஏறத்தாழ 2.5 கிலோவாட், மூன்று குதிரைத்திறனுக்கும் மேல். பழைய ஆல்டர்னேட்டருக்கு ஒன்றேகால் போதும். இரவு முழுக்க இன்ஜினை நிறுத்தி விளக்கெரித்த படகில், காலையில் புறப்பட்ட முதல் ஒரு மணி நேரம் சூடேறி, பேட்டரி நிறைய நிறையச் சூடு இறங்கினால், முதல் சந்தேகம் பெல்ட் மேல்தான் விழ வேண்டும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைத்திருந்தால் பேட்டரி நிறைவதைப் பார்த்து அது சரியாகாது.

பெல்ட் சரி என்றால் அடுத்தது எர்த். இன்ஜினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பாடியிலும் மறு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் வையுங்கள். கிளாம்பில் அல்ல, கம்பத்திலேயே. 12 வோல்ட் படகில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் இடையிலும் இதே சோதனை, அங்கே 0.3 வரை பொறுக்கலாம். ஆல்டர்னேட்டரில் 14.4, பேட்டரியில் 13.1 என்று வந்தால் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம், கேபிளைக் கழற்றுங்கள். லக்கை ஒட்டி ரப்பரைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி கறுத்துப் போயிருக்கும். வெள்ளீயம் பூசாத சாதாரண வண்டி வயர் உப்புக்காற்றில் இப்படித்தான் ஆகும்.

இதே எர்த் சூட்டுப் புகாரிலும் கை வைக்கிறது. ஒற்றை வயர் சென்சார், இன்ஜின் உடல் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. மீட்டர் பலகையின் எர்த் கெட்டிருந்தால், விளக்கைப் போட்டதும் முள் மேலே ஏறும், இன்ஜின் சூடாகியிருக்காது. இது செலவு வைக்கும், உயிரை வாங்காது. மோசமானது மறுபக்கம். சென்சார் திருகில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி மாட்டினால் எர்த் தடைபட்டு முள் தாழ்வாகவே நிற்கும். தண்ணீரே வற்றி சென்சார் காற்றில் தொங்கினாலும் அப்படித்தான். டிரைவர் மீட்டரை நம்பி ஓட்டிக்கொண்டிருப்பார். எனவே இன்ஃப்ராரெட் வெப்பமானியால் தெர்மோஸ்டாட் கூட்டைத் தனியே அளந்து ஒப்பிடுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும்; ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி அதன்மேல் அளந்தால் ஓரளவு நம்பலாம்.

உண்மையாகவே சூடேறுகிறது என்று உறுதியான பிறகுதான் ஸ்ட்ரெய்னர், இம்பெல்லர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று வரிசையாகப் போக வேண்டும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்று மட்டும்: பழைய இம்பெல்லரில் இறக்கைகள் உடைந்திருந்தால், உடைந்த துண்டுகள் கைக்கு வரும்வரை வேலை முடியவில்லை. அவை ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாயிலில்தான் போய்ச் சிக்கியிருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கத்தை நாம் நிறுத்தியாக வேண்டும். பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டே மூடும்படி அமைந்த இன்ஜினில், அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே பம்புக்குத் திரும்பும். இழுவையில் சூடு குறைவதற்குப் பதில் கூடும். பைபாஸ் அப்படி இல்லாத இன்ஜினோ தேவைக்கும் குறைந்த சூட்டில் ஓடி, ஆயிலில் சகதி கட்டி, லைனரைத் தின்னும். தெர்மோஸ்டாட்டைத் தண்ணீரில் போட்டு, வெப்பமானி வைத்துச் சூடேற்றி, அதில் பொறித்திருக்கும் சூட்டில் திறக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி “சார்ஜ் வருதா” என்று பார்ப்பதும் இதே ரகம். டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் அந்த நொடியில் எழும் அதிக வோல்ட்டேஜ் டையோடுகளையும் ரெகுலேட்டரையும் எரிக்கும். நல்ல ஆல்டர்னேட்டர் பல, சோதனையிலேயே செத்திருக்கின்றன.

அளப்பதற்குக் கூலி கேட்கத் தயங்குகிறோம். பாகம் மாற்றினால் மட்டுமே பில் எழுத முடிகிறது. அதனால்தான் பாகம் மாறுகிறது. அளந்த வோல்ட்டையும் சூட்டையும் பில்லிலேயே ஒரு வரியாக எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே படகு வரும்போது ஒப்பிட உங்களுக்கே உதவும்.

படகைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஜெட்டியில் நியூட்ரலில் ஓட்டிப் பார்த்தது போதும் என்று விடாதீர்கள். சுமையில்லாத இன்ஜின் அரை அடைப்பிலும் குளிர்ச்சியாகவே ஓடும். முடிந்தால் கடலுக்குள் கொண்டுபோய், எல்லா விளக்கையும் எரியவிட்டு, இழுவை வேகத்தில் குறைந்தது அரை மணி நேரம் ஓட்டி, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மோஸ்டாட் கூட்டின் சூட்டையும் பேட்டரி வோல்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.