துறைதோறும் நல்ல தண்ணீர் வேண்டும்!

மீனவர் பிரச்னை என்றால் மந்திரிகள் மானியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். துறைமுகம் கட்டுவதைப் பற்றியும் தடைக்கால நிவாரணத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். இவையெல்லாம் வேண்டியவையே. இவற்றுக்காக மீனவ மக்கள் போராடித்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் கடற்கரை உழைப்பாளியின் வருமானத்தை அன்றாடம் அரித்துக்கொண்டிருக்கும் வேறொரு விஷயத்தைப் பற்றி மேடைகளில் பேச்சு எழுவது அரிது. எஞ்சினுக்குள் தங்கிவிடும் கடல் உப்பும், அதைக் கழுவத் தண்ணீர் இல்லாத கொடுமையும்தான் அது. இதைச் சின்ன விஷயம் என்று கோட்டையில் இருப்பவர்கள் தள்ளிவிடலாம். கடன் வாங்கி எஞ்சின் மாட்டியவனுக்கு இது வாழ்வுப் பிரச்னை.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஃபைபர் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின், இந்தக் கடல் நீரையே உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஓடும்வரை நீர் உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். எஞ்சினை நிறுத்தியதும் உள்ளே எஞ்சிய நீர் அந்தச் சூட்டிலேயே வற்றுகிறது. உப்பு மட்டும் படிந்து நிற்கிறது. மறுநாளும் இதே கதை. நாளடைவில் நீர்ப்பாதை குறுகுகிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு இறுகிப்போகிறது. போதிய நீர் ஓடாமல் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது. அதோடும் முடிவதில்லை. கரையில் சும்மா நிற்கும்போதுகூட, உள்ளே படிந்த உப்பு கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிகிறது. அலுமினிய உடம்பும் எஃகு போல்ட்டும் சேருமிடத்தில் அந்த உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் பொடியாகிறது. படகு ஓய்ந்திருக்கலாம், உப்பு ஓய்வதில்லை.

இதற்கு மாற்று மிக எளிது. உப்பு தண்ணீரில் கரையும். கரை திரும்பிய அன்றே நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை இறக்கிப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் பெரும்பகுதி உப்பு வெளியேறிவிடும். நாள் கணக்கில் விட்டுவிட்டால் அது அரித்த உலோகத்தோடு சேர்ந்து கட்டி தட்டிவிடும். பிறகு வெறும் தண்ணீருக்கு அது அசையாது. மெக்கானிக் வந்து எஞ்சினைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். கடலில் ஓட்டிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்று எஞ்சின் விற்கும் கம்பெனிகளே தங்கள் கையேட்டில் எழுதுகின்றன. ஆனால் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? அதைக் கையேடு சொல்லவில்லை.

ஒரு டிரம் என்பது 200 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் கணக்கிட்டால் பதின்மூன்று குடத்துக்கு மேல். ராமநாதபுரம் கடற்கரை போன்ற வறண்ட பகுதிகளில் குடிநீருக்கே பெண்கள் குடத்தோடு காத்து நிற்கிறார்கள். காசு கொடுத்தும் வாங்குகிறார்கள். அந்த வீட்டிலிருந்து பதின்மூன்று குடம் தண்ணீரைப் படகுக்கு எடு என்று எவன் சொல்லத் துணிவான்? குழந்தைகளின் தாகம் முந்துகிறது. எஞ்சின் உப்போடு நிற்கிறது. இதைக் கண்டு “மீனவர்களுக்கு யந்திரப் பராமரிப்பு தெரியவில்லை, அலட்சியம்” என்று பேசும் கனவான்களுக்கு நாம் சொல்கிறோம்: இது அலட்சியமல்ல, தண்ணீர்ப் பஞ்சம்!

கட்டுமரக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மரத்தைக் கரையேற்றிக் காயவைத்தால் போதும். உப்பு மரத்தை உளுக்காமல் காத்தது. யந்திரத்தைக் கொண்டுவந்தது சர்க்காரின் கொள்கை. 1952ல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா. சபையும் ஒப்பந்தம் செய்து, கொல்லத்தையடுத்த நீண்டகரையில் எஞ்சின் படகுகளைப் புகுத்தின. அங்கிருந்து யந்திரமயம் பரவியது. இறால் ஏற்றுமதியில் டாலர் குவிந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. யந்திரம் வருவதை நாம் எதிர்க்கவில்லை. துடுப்பு வலித்து நெஞ்சு நொந்த மனிதனுக்கு எஞ்சின் ஒரு விடுதலை. ஆனால் எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள், அது உயிர் வாழத் தேவையான தண்ணீரைக் கொண்டுவரவில்லை.

இதனால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம் என்று பார்ப்போம். புது எஞ்சினின் விலை லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. பல ஆண்டு உழைக்க வேண்டிய எஞ்சின் பாதி வழியில் படுத்துவிட்டால் மீனவன் ஏலக்காரரிடமோ வட்டிக்காரரிடமோ போய் நிற்கிறான். கடன் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும், அவர் வைத்ததே விலை, அதிலும் கமிஷன் பிடித்தம். படகில் பங்குக்குப் போகும் தொழிலாளியின் நிலையோ இன்னும் மோசம். படகு போகாத நாளில் அவனுக்குப் பங்கே இல்லை. எஞ்சினை உப்பு தின்கிறது. மீனவனை வட்டி தின்கிறது. உதிரி பாகம் விற்பவனுக்கும் வட்டிக்கு விடுபவனுக்கும் மட்டும் இதில் நஷ்டம் இல்லை.

நஷ்டம் பணத்தோடு நிற்பதுமில்லை. 2017 நவம்பர் 30ல் ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப் போட்டதை நம் மக்கள் மறக்கவில்லை. புயல் நேரத்தில் கரை சேர எஞ்சினை விட்டால் வேறு துணை ஏது? பாக் நீரிணையில் எஞ்சின் நின்றால் காற்றும் நீரோட்டமும் படகை எல்லைக்கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடும். பிறகு கைது, சிறை, படகு பறிமுதல். கரையில் கிடைக்காத ஒரு டிரம் தண்ணீர் நடுக்கடலில் மனித உயிரை விலை கேட்கிறது.

சர்க்காரிடம் வசதியில்லையா? சென்னையின் வடக்கே காட்டுப்பள்ளியில் 2010லும், தெற்கே நெம்மேலியில் 2013லும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர்க் குடிநீர் ஆலைகள் தொடங்கப்பட்டன. நெம்மேலியில் 2024ல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொரு ஆலையும் வந்தது. கடல் நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் யந்திரங்கள் மீனவர் வாழும் கரையிலேயே நிற்கின்றன. நகரத்துக்குத் தண்ணீர் போகட்டும். அங்கும் உழைப்பாளி மக்களே வாழ்கிறார்கள். ஆனால் கரையில் இருப்பவனின் எஞ்சினைக் கழுவ ஒரு குழாய் போட மனம் வேண்டாமா? 2020ல் மத்திய சர்க்கார் மீன்வளத் திட்டம் ஒன்றை 20,050 கோடி ரூபாய் மதிப்பில் அறிவித்தது. அத்தனை பெரிய தொகை பேசப்படும் தேசத்தில் ஒரு தொட்டிக்கும் குழாய்க்கும் பணமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

“குடிநீருக்கே தட்டுப்பாடு, எஞ்சின் கழுவவா தண்ணீர்?” என்று கேட்பவர்கள் உண்டு. குடிநீரில் கைவைக்க நாம் கேட்கவில்லை. ஏலக்கூடத்தின் கூரை 1,000 சதுர மீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் மழையில் அதன்மேல் 10,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. இன்று அது கடலில் கலக்கிறது. தொட்டி கட்டினால் சேமிக்கலாம். குடிக்க உதவாத, சற்றே உவர்ப்பான கிணற்று நீரும் கடல் நீரைவிட எவ்வளவோ மேல். முதல் கழுவலுக்கு அது போதும், கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். மனமிருந்தால் மார்க்கமுண்டு.

ஆகவே, 14 கடலோர மாவட்டங்களின் மீனவ மக்கள் சார்பில் நாம் கோருகிறோம்:

1. ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் இறங்குதளத்திலும் குடிநீருக்குப் புறம்பாக எஞ்சின் கழுவும் தொட்டியும் குழாயும் அமைக்க வேண்டும். கழுவிய நீரிலுள்ள எண்ணெய் கடலில் கலக்காமல் பிரித்தெடுக்கவும் ஏற்பாடு வேண்டும்.

2. மீனவர் கூட்டுறவு சங்கங்களின் பொறுப்பில் பழுது பார்க்கும் பட்டறைகள் திறந்து, உதிரி பாகங்களை நியாய விலையில் தர வேண்டும்.

3. கடற்கரை இளைஞர்களுக்குத் தமிழிலேயே, அவர்கள் கிராமத்திலேயே, எஞ்சின் பராமரிப்புப் பயிற்சி அளித்து அந்தப் பட்டறைகளில் வேலையும் தர வேண்டும்.

4. கழுவத் தண்ணீர் இல்லாத துறையில் பழுதான எஞ்சினுக்கு, கழுவவில்லை என்ற காரணம் காட்டிக் கம்பெனிகள் உத்தரவாதத்தை மறுப்பதை சர்க்கார் தடுக்க வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. கிடைக்கும் தண்ணீரை ஆளுக்கொரு டிரம் என்று தனித்தனியே தேடாமல், துறைக்கு ஒரு பொதுத் தொட்டி வைத்து முறைபோட்டுக் கழுவலாம். டிரம் தண்ணீர் உவர்த்ததும் மாற்றவேண்டும். உவர்த்த நீரில் கழுவுவது வீண். தனக்கு முதலில் அரிப்பை வாங்கிக்கொண்டு எஞ்சினைக் காக்கும் துத்தநாகக் கட்டைக்குப் பெயிண்ட் அடிக்கக்கூடாது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன. உப்பைக் கழுவாமல் கட்டிப்போட்ட எஞ்சினுக்கு அந்த 61 நாளும் அரிப்புக் காலமே.

படகுச் சொந்தக்காரரும் பங்குத் தொழிலாளியும், குடம் சுமக்கும் பெண்களும் ஒன்றுபட்டுக் கேட்கக்கூடிய கோரிக்கை இது. கிராம சபைகளில் தீர்மானம் போடுங்கள். கூட்டுறவு சங்கங்களில் எழுப்புங்கள். சட்டமன்ற உறுப்பினரைத் துறைக்கே அழைத்து வந்து, உப்பேறிய எஞ்சினைத் திறந்து காட்டுங்கள். கடலோடு போராட நம் மீனவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கரையில் நடத்த வேண்டிய இந்தப் போராட்டத்தில் நாம் அவர்களோடு நிற்போம். துறைதோறும் நல்ல தண்ணீர் வரும்வரை ஓயமாட்டோம்!