கொலஸ்டிரால்: உணவுத் தட்டும் அரசின் கொள்கையும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவின் வயது வந்தோரில் 81.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதேனும் ஒரு கோளாறு இருக்கிறது. 24 விழுக்காட்டினருக்கு மொத்தக் கொலஸ்டிராலே அளவுக்கு மேல் உள்ளது என்பது அதன் முடிவு. நாட்டில் மிக அதிகமான உயிர்களைப் பறிப்பது இதய நோயே என்னும் உண்மையோடு சேர்த்துப் பார்த்தால், இது ஒரு தனிமனிதரின் சிக்கல் அல்ல, ஒரு சமூகத்தின் நெருக்கடி என்பது புலப்படும்.

இந்த நெருக்கடிக்குச் சந்தை ஒரு தீர்வை வைத்திருக்கிறது. இதயப் படம் அச்சிட்ட எண்ணெய் உறை, ஓட்ஸ் டப்பா, நார்ச்சத்து மாவு, ‘கொழுப்பை இயற்கையாகக் குறைக்கும்’ கூட்டுப்பொடி எனக் கடைத்தட்டுகள் நிரம்பி வழிகின்றன. வெறும் உணவு அல்ல, உடலுக்கு மருந்துபோல் பணிபுரியும் ‘செயல்பாட்டு உணவு’ என்று அவை அழைக்கப்படுகின்றன. நோய் வந்தால் அது உங்கள் நாவின் குற்றம், நலம் வேண்டுமென்றால் இதை வாங்குங்கள் என்பதே இவ்விளம்பரங்களின் சாரம். இதில் எவ்வளவு அறிவியல், எவ்வளவு வணிகம் என்று பிரித்தறிவது உழைக்கும் மக்களுக்கு இன்றியமையாதது.

அறிவியல் கூறுவது என்ன?

உணவால் கொலஸ்டிராலைக் குறைக்க முடியும் என்பது பொய்யல்ல. உடலிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே உற்பத்தி செய்கிறது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவு, இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.-ஐ அகற்றும் கல்லீரலின் ஆற்றலை மங்கச் செய்கிறது. வனஸ்பதியிலும் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயிலும் உள்ள டிரான்ஸ் கொழுப்பு இன்னும் கொடியது. அது கெட்ட கொழுப்பை உயர்த்துவதோடு நல்ல கொழுப்பையும் குறைக்கிறது.

எதிர்த்திசையில் பணிபுரிவது கரையும் நார்ச்சத்து. கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டு பித்த அமிலங்களை உருவாக்குகிறது. பருப்பு, பயறு, பார்லி, ஓட்ஸ், வெந்தயம், இசப்கோல் ஆகியவற்றின் நார், குடலில் அந்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேற்றிவிடுகிறது. இழப்பை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு ஒரு கிண்ணம் வெந்த பருப்போ பயறோ உண்பதால் எல்.டி.எல். ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கன் என்னும் நார் நாளுக்கு 3 கிராம் கிடைத்தாலும் பயன் ஏறக்குறைய அவ்வளவே. தாவர ஸ்டெரால் 2 கிராம் என்றால் 8 முதல் 10 விழுக்காடு வரை குறையும்.

இவை அனைத்தையும் ஒருங்கே உண்டால் என்னவாகும் என்பதைக் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் ஆராய்ந்தனர். உணவு முழுவதையும் ஆய்வாளர்களே வழங்கிய 2003-ஆம் ஆண்டுச் சோதனையில், நான்கே வாரங்களில் எல்.டி.எல். சுமார் 28 விழுக்காடு குறைந்தது. அக்காலத்துக் கொலஸ்டிரால் மாத்திரை ஒன்றின் விளைவுக்கு இது ஏறத்தாழ நிகராக இருந்தது. ஆனால் மக்கள் தத்தம் வீட்டில் தாமே வாங்கிச் சமைத்து உண்ட அடுத்த கட்ட ஆய்வில், ஆறு மாத முடிவில் குறைந்தது 13 முதல் 14 விழுக்காடு மட்டுமே.

28-க்கும் 14-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் முழுச் செய்தியும் அடங்கியிருக்கிறது. உணவின் வேதியியல் இரண்டிலும் ஒன்றே. மாறியது அந்த உணவு கிடைக்கும் நிலைமை. தட்டில் உணவு வந்து சேர்ந்தால் உடல் அதற்கேற்ப இயங்குகிறது. வந்து சேர்வதற்குக் கூலியும் நேரமும் கடையும் விலையும் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது. வளமான கனடாவிலேயே இதுதான் நிலை.

‘இயற்கை’ என்னும் விற்பனைச் சொல்

இயற்கையா மருந்தா என்று எதிரெதிராக நிறுத்துவது ஆபத்தானது. ஒருமுறை மாரடைப்புக்கு ஆளானவருக்கும், பரம்பரையாகவே கொலஸ்டிரால் மிகுந்தவருக்கும் உணவு மட்டும் போதாது. ஸ்டாட்டின் மாத்திரைகள் எல்.டி.எல்.-ஐ 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கின்றன. ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையொன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். ‘இரசாயனம்’ என்று தூற்றப்படும் இம்மருந்தின் மூலமும் இயற்கையே. இந்தியாவில் இது எளியவர்க்கும் எட்டும் விலையில் கிடைப்பதற்கு அடித்தளமிட்டது, பன்னாட்டு நிறுவனங்களின் ஏகபோகத்தை உடைத்த 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். பொடியை நம்பி மாத்திரையைக் கைவிடுமாறு தூண்டுவோர், மக்கள் போராடிப் பெற்ற ஒரு பயனை அவர்கள் கையிலிருந்தே தட்டிப் பறிக்கிறார்கள்.

மரபின் பெருமையும் இங்கே அளவுகோல் ஆகாது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும், நெய்யில் பாதிக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பே. பாட்டன் காலத்து உணவு என்பதால் ஒன்று நன்மையாகிவிடாது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதால் தீமையாகிவிடாது. நோய் தீர்ப்பதாகக் கூறிய தவறான விளம்பரங்களுக்காகப் பதஞ்சலி நிறுவனம் 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் கண்டனத்துக்குள்ளாகி, செய்தித்தாள்களில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது நினைவுகூரத்தக்கது.

இன்னொரு பக்கத்தில் இசப்கோலின் கதை. உலகிலேயே இதை மிகுதியாக விளைவிப்பதும் ஏற்றுமதி செய்வதும் இந்தியாதான். குஜராத், ராஜஸ்தான் உழவர்கள் விளைவிக்கும் உமி அமெரிக்காவுக்குச் செல்கிறது. அங்கே இதயத்துக்கு நல்லது என்று டப்பாவில் எழுதிக்கொள்ள 1998-இலேயே அரசு அனுமதி வழங்கியது. விளைவித்தவரின் கொலஸ்டிராலைப் பரிசோதிக்க அவரது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி உண்டா என்று கேட்போர் இல்லை.

எண்ணெயின் அரசியல்

இந்தியரின் தட்டில் நிறைவுற்ற கொழுப்பு கூடியதற்கு நாவின் சபலம் மட்டுமே காரணமா? வரலாறு வேறு விடை தருகிறது. 1986-இல் எண்ணெய்வித்துகளுக்கான தொழில்நுட்ப இயக்கம் தொடங்கப்பட்டது. நிலக்கடலை, கடுகு, சோயா, சூரியகாந்தி ஆகியவற்றின் விளைச்சல் பெருகி, 1990-களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெய் இறக்குமதி மிகச் சிறு பங்காகச் சுருங்கியது. அந்நேரத்தில்தான் நவதாராளவாதக் கொள்கை வந்தது. 1994-இல் பாமாயில் இறக்குமதி 65 விழுக்காட்டு வரியுடன் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 1998-க்குள் அந்த வரி 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உள்நாட்டு உழவர் நிலைகுலைந்தனர். இன்று நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பாமாயில்.

கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடுகெண்ணெயில் அதைவிடவும் குறைவு. பாமாயிலில் ஏறத்தாழப் பாதி. பிஸ்கட், மிக்சர், பரோட்டா, தெருவோரப் பஜ்ஜி என உழைப்பாளி பசிக்கு வாங்கும் மலிவான உணவு பலவற்றிலும் கலந்திருப்பது இந்த எண்ணெயே. இதே சந்தையில், இதயத்தைக் காக்கும் என்று கூறி விலையுயர்ந்த எண்ணெயையும் அதே பெருநிறுவனங்கள் விற்கின்றன. உலகப் பாமாயில் வணிகத்தின் முன்னணி நிறுவனமான வில்மரும் அதானி குழுமமும் கூட்டாக விற்ற தவிட்டெண்ணெய் விளம்பரத்தில் கிரிக்கெட் வீரர் சவுரவ் கங்குலி தோன்றினார். 2021 ஜனவரியில் அவருக்கே மாரடைப்பு ஏற்பட்டதும் விளம்பரம் நிறுத்திவைக்கப்பட்டது. ஒருவரின் நோயை எண்ணெயின் மீது சுமத்துவது அறிவியல் ஆகாது. அதுபோலவே, ஒருவரின் நலத்தை ஓர் எண்ணெய் உறைக்குள் அடைத்து விற்பதும் அறிவியல் ஆகாது.

அதே 2021-இல் ஒன்றிய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப் பனைக்கென ஓர் இயக்கத்தை அறிவித்து, வடகிழக்கு மாநிலங்களையும் அந்தமானையும் குறிவைத்தது. எண்ணெய்வித்துகளுக்கான இயக்கம் அதன்பின் மூன்றாண்டுகள் காத்திருந்து 2024-இல்தான் வந்தது. முதலில் நினைவுக்கு வந்தது எது என்பதிலேயே அரசின் முன்னுரிமை தெரிகிறது.

மொரீசியஸும் பின்லாந்தும்

அரசு நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இரண்டு நாடுகள் சான்று. மொரீசியஸில் மக்கள் பரவலாகப் பயன்படுத்திய ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயிலாக இருந்தது. 1987-இல் அதனைச் சோயா எண்ணெயாக மாற்றுமாறு அரசு விதி வகுத்தது. ஐந்தே ஆண்டுகளில், 1992-இல், மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்திருந்தது. இந்தக் குறைவில் கணிசமான பங்கு எண்ணெய் மாற்றத்தால் விளைந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தனர். யாரும் தனியே டப்பா உணவு வாங்கவில்லை. வழக்கமான கடையில் வழக்கமாக வாங்கிய எண்ணெய்தான் மாறியது. அதே காலத்தில் உடல் பருமன் கூடவே செய்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எண்ணெய் ஒன்றே எல்லாவற்றுக்கும் விடையல்ல.

பின்லாந்தின் வடக்குக் கரேலியா மாகாணத்தில் ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பால் மாண்டனர். மக்களே அரசுக்கு விண்ணப்பம் எழுதியதன் விளைவாக, 1972-இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. பெண்கள் அமைப்புகள் ஊர்தோறும் புதிய சமையலைக் கற்பித்தன. வெண்ணெய்க்கு மாற்றாக உள்நாட்டுக் கடுகின எண்ணெய் உருவாக்கப்பட்டது. பால் விற்பனை குறைந்து வாழ்வாதாரம் இழக்கவிருந்த உழவர்களுக்குப் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற அரசு துணைநின்றது. சில பதிற்றாண்டுகளில் உழைக்கும் வயதிலிருந்த ஆண்களின் இதயநோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. தாவர ஸ்டானால் கலந்த விலையுயர்ந்த வெண்ணெய் மாற்று அதே நாட்டில் 1995-இல்தான் கடைக்கு வந்தது. இறப்பு விகிதமோ அதற்கு வெகுமுன்பே சரியத் தொடங்கியிருந்தது.

ரேஷன் பையில் என்ன இருக்கிறது?

இந்தியரின் கொழுப்புக் கோளாறுக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவு, டிரைகிளிசரைடு மிகுதி என்பதே இங்கு பரவலாகக் காணப்படுவது. தீட்டிய அரிசியும் மைதாவும் சர்க்கரையும் தட்டை நிரப்பி, பருப்பும் காய்கறியும் ஓரத்தில் ஒதுங்குவது இதற்கு ஒரு முதன்மைக் காரணம். இந்தியர் பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது.

2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உறுதி செய்கிறது. பட்டினியைத் தடுத்த அந்த உரிமை சிறிதும் குறைக்கப்படலாகாது. ஆனால் அச்சட்டத்தில் பருப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று உலக அரங்கில் கொண்டாடிய ஒன்றிய அரசு, சிறுதானியத்தை எல்லா ரேஷன் கடைகளுக்கும் கொண்டு சேர்க்கவில்லை. கர்நாடகம் கேழ்வரகையும் சோளத்தையும் வழங்கி வழிகாட்டியிருக்கிறது. தமிழ்நாடு துவரம் பருப்பையும் பாமாயிலையும் மானிய விலையில் வழங்குகிறது. பருப்பு பாராட்டத்தக்கது. பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டும் என்னும் உழவர்களின் கோரிக்கை, உண்போரின் இதயத்துக்கும் உரிய கோரிக்கையே. மானியத்தை வெட்டுவதற்கு இதனைச் சாக்காக்க இடந்தரலாகாது. அதே விலையில் நல்ல எண்ணெய் என்பதே முழக்கமாக வேண்டும்.

ஒழுங்குமுறை பயன் தரும் என்பதற்கு உள்நாட்டிலேயே சான்று உண்டு. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பின் வரம்பு 2011-இல் 10 விழுக்காடாக இருந்து, 2022 ஜனவரியில் 2 விழுக்காடாக்கப்பட்டது. ஆனால் உறையின் முகப்பில் எச்சரிக்கை அச்சிடும் கோரிக்கை இழுத்தடிக்கப்படுகிறது. சிலி நாடு 2016-லேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இங்கோ 2022-இல் வெளியான வரைவு விதி எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திரத் தரவரிசையை முன்வைத்தது. நார்ச்சத்தையோ கொட்டையையோ சிறிது சேர்த்தால், கொழுப்புக்கும் உப்புக்கும் இழந்த மதிப்பெண்ணை ஈடுகட்டிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. ‘செயல்பாட்டு உணவு’ என்னும் முகமூடிக்கு அரசே நட்சத்திரம் ஒட்டித்தரும் ஏற்பாடு இது.

ஆகவே, உணவால் கொலஸ்டிராலைக் குறைக்கலாம் என்னும் அறிவியலை ஏற்போர் அதன் முழுப் பொருளையும் ஏற்க வேண்டும். பருப்பும் நல்ல எண்ணெயும் சிறுதானியமும் ரேஷனில் உரிமையாக வழங்கப்பட வேண்டும். எண்ணெய்வித்து உழவர்க்குக் கட்டுபடியாகும் விலையும் அரசுக் கொள்முதலும் உறுதி செய்யப்பட வேண்டும். முகப்பு எச்சரிக்கை சட்டமாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொழுப்புப் பரிசோதனையும் ஸ்டாட்டின் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பருப்பையும் பயறையும் ஊறவைத்துச் சமைக்க நேரம் வேண்டுமானால், எட்டு மணி நேர வேலை என்னும் பழைய உரிமையும் காக்கப்பட வேண்டும். இவற்றுக்கான போராட்டம் இதய நோய்க்கு எதிரான போராட்டமும் ஆகும்.