மாத்திரைப் பெட்டியும் முதுமையும்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நம் முதியோர் கூடி நின்று பேசுகையில், யார் எந்தச் சத்து மாத்திரை உட்கொள்கிறார் என்ற பேச்சு இப்பொழுதெல்லாம் தவறாமல் எழுகிறது. புதுவையில் பிரான்சு நாட்டில் பிள்ளைகள் வாழாத பங்குக் குடும்பங்கள் குறைவு. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் முன்பு வாசனைத் தைலமும் சாக்லெட்டும் கொணர்ந்தனர். இன்று கால்சியம் மாத்திரையும், நீரிலிட்டால் பொங்கும் வைட்டமின் வில்லையும், புரதப்பொடி டப்பாவும் கொணர்கின்றனர். பெற்றோர்பால் கொண்ட அன்பே இவற்றை வாங்கச் செய்கிறது. அந்த அன்பை நாம் குறை கூறோம்.

ஆயினும் நாம் அறிந்த ஒரு மூதாட்டியின் நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய கட்டிலருகே பதினொரு குப்பிகள் இருந்தன. குடிக்க நீர் வேண்டுமெனில் மருமகள் கொண்டு தருவார். செபமாலை வேண்டுமெனில் பேரன் எடுத்துத் தருவான். "நீங்கள் உட்காருங்கள் அம்மா" என்ற அன்பு மொழியிலேயே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் விடியற்காலையில் குளியலறைப் படியில் கால் இடறி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. கால்சியம் மாத்திரையை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு விடை, 1994-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஓர் ஆய்வில் கிடைக்கிறது. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் தங்கியிருந்த, 72 முதல் 98 வயது வரையிலான 100 பேரை மருத்துவர்கள் நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் கால் தசைகளுக்கு எடையுடன் கூடிய பயிற்சி செய்தனர், ஒரு பிரிவினர் சத்துபானம் மட்டும் அருந்தினர், மற்றொரு பிரிவினருக்கு இரண்டும் அளிக்கப்பட்டன, எஞ்சியோருக்கு இரண்டுமில்லை. பத்து வாரம் கழிந்தபின் அளந்து பார்த்தபோது, பயிற்சி செய்தோரின் தசை வலிமை சராசரியாக இருமடங்கிற்கும் சற்று மேலாக உயர்ந்திருந்தது. சத்துபானம் மட்டும் அருந்தியோருக்கோ வலிமை கூடவில்லை. அவர்களது சராசரி வயது 87 என்பதை நம் இளைஞர்களும் கருத்தில் கொள்வது நன்று. கொத்தனார் வராத வீட்டு வாசலில் செங்கல்லைக் கொட்டி வைப்பதனால் சுவர் எழும்புவதில்லை அன்றோ?

"நாங்கள்தாம் கடற்கரையில் நடக்கிறோமே" என்று அன்பர்கள் கூறலாம். துய்ப்ளே சிலை தொடங்கி, காந்தி சிலையைக் கடந்து வடக்கே செல்லும் அந்த ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்ச் சாலை, மாலை முதல் காலை வரை வண்டிகளின்றி நடப்போருக்கே விடப்பட்டிருப்பது நமக்கு வாய்த்த பேறு. நடை இதயத்திற்கு நல்லது; சர்க்கரை நோய்க்கும் நல்லது. ஆனால் சமதரையில் நடப்பது மட்டும் தொடைக்கு வேண்டிய வலிமையைத் தந்துவிடாது. 65 வயதைக் கடந்தோர் நடையோடு, உடற்சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளேனும் செய்ய வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது.

அதற்குக் கருவிகள் வேண்டியதில்லை. அசையாத மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு அமருங்கள். இயன்றமட்டும் கையூன்றாது எழுந்து நில்லுங்கள். பின் மெல்ல அமருங்கள். முதல் வாரம் ஐந்து முறை போதும். சன்னல் கம்பியைப் பற்றிக் கொண்டு குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துவதும், மேசையருகே ஒற்றைக் காலில் சில நொடி நிற்பதும் அடுத்தவை. தொடக்கத்தில் வீட்டார் ஒருவர் அருகில் இருக்கட்டும். மார்பு வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாத்திரைகள் யாவும் வீண் என்று நாம் எழுதியதாக எவரும் கொள்ளற்க. மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மருந்தை நெடுங்காலம் உண்போருக்கும், வயது முதிர்ந்தபின் மீன், முட்டை, பால் ஆகியவற்றைக் கைவிட்டோருக்கும் பி12 வைட்டமின் குறைவது உண்டு. கால் மரத்துப் போவதும், நடையில் தள்ளாட்டம் ஏற்படுவதும் அதனால் நேரலாம். இவர்கள் இரத்தத்தைச் சோதித்து, குறைவு இருப்பின் மருந்து உண்பதே முறை.

வைட்டமின் டி-யைப் பற்றித்தான் நம்மவரிடையே குழப்பம் மிகுதி. கடலில் கதிரவன் எழும் வேளையில் நடந்தால் அது கிடைத்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். தோலில் அதனை உண்டாக்கும் கதிர்கள் விடியற்பொழுதில் மிகக் குறைவு. முற்பகல் 10 மணிக்கு மேல் முகத்திலும் கைகளிலும் சிறிது நேரம் வெயில் படுவதே பயன் தரும். வேறு சிலர், வாரம் ஒன்றென மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதித் தந்த 60,000 யூனிட் பொட்டலத்தைத் தாமே மாதக்கணக்கில் தொடர்கின்றனர். நாள்தோறும் உண்டவரும் உண்டு! இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் கெடுவதற்கு அதுவே வழி. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தி, 2022-இல் முடிவு வெளியிட்ட ஆய்விலும், பொதுவாக நலமுடன் இருப்போருக்கு வைட்டமின் டி மாத்திரை எலும்பு முறிவைக் குறைக்கவில்லை என்றே தெரிய வந்தது.

கால்சியத்திற்கோ நம் சமையலறையே போதுமானது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. முள்ளோடு மென்று உண்ணும் நெத்திலியிலும் அது நிறைய இருக்கிறது. குப்பத்திலிருந்து கூடையில் வரும் நெத்திலியை ஏளனமாக நோக்கி, வெளிநாட்டுக் குப்பியைப் போற்றுவோரைக் கண்டு நாம் வியப்பதுண்டு.

மூதாட்டியின் செய்தியை இடையில் விட்டோம். அறுவை சிகிச்சைக்குப் பின் இயன்முறை மருத்துவர் அவருக்குக் கற்றுத் தந்த முதற்பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுவதுதான். எட்டு மாதமாயிற்று. இப்பொழுது முன் இருக்கையைப் பற்றிக் கொண்டு தாமே எழுகிறார். முழந்தாட்படியிட மருத்துவர் இன்னும் இசைவு தரவில்லை. தமக்கு வேண்டிய நீரைத் தாமே சென்று மொண்டு கொள்கிறார். மருமகள் அடுக்களையிலிருந்து பார்த்துக் கொண்டிருப்பதோடு சரி. பதினொரு குப்பிகளையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் எடுத்துச் சென்றார்கள். அவர் இரண்டை மட்டும் திருப்பித் தந்தார்.