மலையும் துப்பாக்கியும்

உளுந்தூர்பேட்டையினின்று மேற்கே கள்ளக்குறிச்சியைக் கடந்து செல்வார்க்குக் கல்வராயன் மலைத்தொடர் தோன்றும். அம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயர் கொண்டு அவர்களைக் கேரளத்தார் எனக் கருதற்க. அவர்தம் தாய்மொழி தமிழே.

சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் அவர்தம் கொல்லைகளில் இரவுதோறும் காட்டுப்பன்றிகள் புகுகின்றன. சங்கச் சான்றோர் பாடிய குறிஞ்சி நிலத்தார் பரண் அமைத்தும் கவண் எறிந்தும் புனம் காத்தனர். பிற்காலத்தார் கையில் கவண் இருந்த இடத்தை நாட்டுத் துப்பாக்கி பற்றிக்கொண்டது. குழாயின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, நார் திணித்து, ஈயக் குண்டுகளை இட்டுக் கெட்டிப்பது அது. பலவற்றிற்கு உரிமம் இல்லை. அவற்றை ஒப்படைக்குமாறு காவல்துறையினர் மலையூர்தோறும் பலமுறை அறிவுறுத்தியுள்ளனர்.

தன் பயிரைத் தான் காக்கக் கருவி வைத்திருத்தல் குற்றமோ எனச் சிலர் வினவுவர். வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தால் ஆங்கில அரசு இந்தியர் கையை வெறுங்கையாக்கிற்று; ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. அதனாலன்றோ விடுதலை இயக்கத்தார் 1931ஆம் ஆண்டுக் கராச்சி மாநாட்டில், விதிகளுக்குட்பட்டுப் படைக்கலம் தாங்கும் உரிமையையும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக வைத்தனர்! ஆயினும், 1948 திசம்பரில் எச். வி. காமத் அவ்வுரிமையை அரசியலமைப்பில் சேர்க்க முயன்றபோது அம்பேத்கர் உடன்படவில்லை, அவையும் ஏற்கவில்லை. அமெரிக்க நாட்டார் 1791இல் அதனைத் தம் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தனர். இன்று துப்பாக்கியைக் கட்டுப்படுத்த முனையும்போதெல்லாம் அவ்வெழுத்தோடு வழக்காடுகின்றனர். நம் முன்னோர் செய்ததே தக்கது. ஆள்வோர் அயலாராய் இருந்தவரை படைக்கலம் தன்மானத்தின் அடையாளம். நம்மை நாமே ஆளத் தொடங்கியபின் அது பொறுப்போடு கையாளவேண்டிய ஒரு கருவியே.

அப்பொறுப்பு யாதென அறிய நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. உளுந்தூர்பேட்டையில் தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் 10ஆம் அணி உள்ளது. காவலர்தம் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எடுத்தவர் யார், திருப்பி வைத்தவர் யார், தோட்டா எத்தனை என்பன ஏட்டில் ஏறும். பயிற்சி பெற்றாரிடத்தே இத்துணைக் கட்டுப்பாடு வேண்டுமாயின், கூரை இடுக்கில் செருகிய எண்ணில்லாத் துப்பாக்கியைப் பற்றி என் சொல்வது? மருந்து மிகுந்தால் குழாய் வெடித்துச் சுட்டவன் கையையே சிதைக்கும். இருளில் புதர் அசையக் கண்டு விலங்கெனச் சுட்டவன், உடன் வந்தவனே வீழ்ந்து கிடக்கக் கண்ட நிகழ்ச்சிகளும் தமிழக மலையூர்களில் நேர்ந்துள்ளன.

குடகு நாட்டுக் குடவர்க்கு உரிமம் வேண்டாம் என்னும் விலக்கு ஆங்கிலேயர் காலந்தொட்டு உண்டு. 2019இல் நடுவண் அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. அவர்க்குள்ள சலுகை கல்வராயன் மலையார்க்கு ஏன் இல்லை என்பர் சிலர். சலுகையை விரித்தல் வேண்டாம். சட்டத்தில் உள்ளதையே கிட்டச்செய்தல் சாலும். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மெய்யாகவே பயிர் காக்க வேண்டுவோர்க்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடந்தருகிறது. மலையார் பலர் இவ்வாயிலை அறியார். சட்டத்தின் மற்றொரு முகமோ கடியது: 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தார்க்கு இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை.

ஆதலின் ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரிகளே விண்ணப்பத் தாளையும் உடன் கொண்டுசெல்லல் வேண்டும். உசாவலை வெள்ளிமலையிலேயே நடத்தல் வேண்டும். உரிமம் பெற்றாரும் விலங்குகளைத் தம் விருப்பப்படி சுடலாகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது. வெடியோசையால் வெருட்டலாம், அழிந்த பயிருக்கு இழப்பீடு பெறலாம். அவ்வீடும் அடுத்த விதைப்புக்கு முன்னரே கைக்கு வந்தாலன்றிப் பயனில்லை. காட்டெல்லைக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து அழிவு செய்யும் பன்றிகளை வனத்துறையினரே சுட 2025 சனவரியில் தமிழக அரசு வழிசெய்தது. அது சமவெளி உழவர்க்கு உதவும். மலையாரின் கொல்லைகளோ காட்டை ஒட்டியே கிடக்கின்றன.