முகத்துக்கு மீட்டர் வையுங்கள்

நுவரெலியா, ஹற்றன் பக்கத்தில் எடுத்து நம் இதழுக்கு அனுப்பப்படும் படங்களில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். மலை தெளிவாக இருக்கிறது, கொழுந்தின் பச்சை துலங்குகிறது. கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் முகம் மட்டும் இருண்டு கிடக்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழல்தான் தெரிகிறது. மீட்டரை எதன்மேல் வைத்தோம் என்பதில்தான் பிழை.

கமராவுக்குள் இருக்கும் மீட்டர், பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கிறது. பார்ப்பது வெள்ளையா கறுப்பா என்று அதற்குத் தெரியாது; எல்லாவற்றையும் நடுச் சாம்பலாகவே கணக்குப் போடும். சட்டகம் முழுதும் மூடுபனி என்றால் எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். பனி சாம்பலாகும், முன்னே நிற்பவரின் முகம் அதற்கும் கீழே போய்விடும். இன்றைய கமராக்கள் முகத்தைக் கண்டறிந்து ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆனால் குனிந்து கொழுந்து கிள்ளும் முகத்தையும் முக்காட்டு நிழலில் உள்ள முகத்தையும் அவை தவறவிடுவதுண்டு.

அருகே போக முடிந்தால், படமெடுக்கப்படுபவரிடம் கேட்டு, கைமீட்டரின் வெண்குமிழை அவர் முகத்தருகே கமராவை நோக்கிப் பிடித்து, விழும் ஒளியை அளவுங்கள். தோல் நிறமும் பின்னாலுள்ள பனியும் அந்த அளவை ஏமாற்றா. போக முடியாவிட்டால் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வையுங்கள். கருந்தோலுக்கு, காட்டும் அளவிலிருந்து ஏறத்தாழ ஒரு ஸ்டாப் குறைத்தால் போதும். அதுவும் முடியாமல், பனியே சட்டகத்தை நிறைத்தால், பொது அளவுக்கு மேல் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். பனி நகர நகரச் சரிவில் ஒளி மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி அளவுங்கள். பனி வெளுத்துப்போனால் இழப்பு சிறிது. இருண்ட முகத்தைப் பிறகு கணினியில் தூக்கினால் இரைச்சல் ஏறும், தோலின் நிறம் சிதையும்.

இந்தச் சிக்கல் இங்கே புதிதல்ல. 1875இல் இலங்கைக்கு வந்த ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கெமரன், களுத்துறையில் உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேன் தோட்டத்தில் காலமானார்; பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கையாண்ட ஈரக் கொலோடியன் தகடு நீல ஒளியையும் புற ஊதாவையுமே உணரும். பழுப்புத் தோல் அதில் இயல்பைவிடக் கருமையாகவே பதியும். அளக்க மீட்டரும் இல்லை. ஆனாலும் முகமே அவர் கலையின் மையம் என்பதால், அந்தப் படங்களில் முகங்கள் நம்மைப் பார்க்கின்றன. அவர்களின் பெயர்கள்தாம் பெரும்பாலும் பதிவாகவில்லை.

இன்றைய சென்சாருக்கு அந்தத் தகட்டின் குறை கிடையாது. எனவே தேயிலை மலையை ஒளிரவைத்து, அதை உருவாக்கியவரை இருட்டில் விடுவது நம் தேர்வாகிறது. 2023இல் மலையக மக்கள் தம் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தார்கள். அந்த வரலாற்றின் படங்களை இனி எடுக்கப்போகிறவர்கள் நாம்தான். பேரப்பிள்ளை பார்த்து ‘இது எங்கள் அம்மாச்சி’ என்று அடையாளம் சொல்ல முடியாத படத்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பயன்?

இனி இவ்விதழுக்கான தெரிவில் முகத்தின் எக்ஸ்போஷரையே முதலில் பார்ப்போம். படத்தோடு எப்படி அளந்தீர்கள் என்பதையும், படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.