சூரியன் ஒரு ரயில் பெட்டி அகலம்

பெரம்பூரில் எங்கள் தெரு கேரம் கிளப் சுவரில் சூரியக் குடும்ப சார்ட் ஒன்று தொங்குகிறது. இடது ஓரத்தில் கால்வாசி சூரியன். அதை ஒட்டி எட்டுக் கோள்களும் ரேஷன் கடை வரிசைபோல நெருக்கியடித்து நிற்கின்றன. "எல்லாம் சரியான கணக்குதாம்பா. பேப்பருக்காக சின்னதாக்கியிருக்கான், அவ்ளோதான்" என்பார் கிளப்புக்கு வரும் பெரியவர் ஒருவர். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். சின்னதாக்கியிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

உருவ அளவு முதலில். சூரியனின் விட்டம் சுமார் 13.92 லட்சம் கிலோமீட்டர், பூமியுடையது 12,742. சூரியனுக்குக் குறுக்கே 109 பூமிகளை அடுக்கலாம். சார்ட்டில் பூமி பட்டாணி அளவு இருக்கிறது. அந்தக் கணக்குக்குச் சூரியன் சார்ட்டுக்குள்ளேயே அடங்காது.

தொலைவில்தான் பெரிய மோசம். இதற்கு நம்ம ஊர்ச் சரக்கே போதும். 1955 முதல் ஐசிஎஃப் தொழிற்சாலை இங்கே ரயில் பெட்டி கட்டுகிறது. பெட்டியின் அகலம் ஏறத்தாழ 3.25 மீட்டர். அந்த அகலத்துக்கு ஒரு சூரியப் பந்து செய்தால் பூமி 3 சென்டிமீட்டர், கச்சிதமாக ஒரு கேரம் காய். அதை எங்கே வைப்பது? சூரியனிலிருந்து 350 மீட்டர் தள்ளி. பழைய நீலப் பெட்டிகள் பதினாறைக் கோத்து நிறுத்தி, ஒரு முனையில் சூரியனையும் மறுமுனையில் காயையும் வைக்க வேண்டும். நடுவில் புதன், வெள்ளி என்று இரண்டே இரண்டு சின்ன உருண்டைகள். மற்றதெல்லாம் வெற்றிடம். வியாழன், 33 சென்டிமீட்டர் பந்து, 1.8 கிலோமீட்டருக்கு அப்பால். நெப்டியூனுக்குப் பத்தரை கிலோமீட்டர் போக வேண்டும், திருவொற்றியூர் பக்கம்.

நிலா? ஒரு கொண்டைக்கடலை. காயிலிருந்து 90 சென்டிமீட்டர், கேரம் போர்டின் இந்தச் சட்டத்திலிருந்து எதிர்ச் சட்டம் வரை என்று வையுங்கள். மனிதக் காலடி பட்ட தொலைதூர இடம் அதுதான். இந்தப் போர்டை விட்டு இறங்கி வேறெங்கும் நாம் கால் வைத்ததில்லை.

"தப்பாவே இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது அடுத்த வாதம். நஷ்டம் உண்டு. 1962 பிப்ரவரியில் அஷ்டகிரகச் சேர்க்கை என்று நாடே நடுங்கியது, யாகங்கள் நடந்தன, ஒன்றும் ஆகவில்லை. கோள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக நினைப்பவருக்குத்தான் அவை ஒரே திசையில் தெரிந்தால் பயம் வரும். வியாழன் மிக அருகே வந்தாலும் கடலில் அது உண்டாக்கும் ஏற்றவற்றம், நிலா உண்டாக்குவதில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. காசிமேட்டுக் கடலுக்கு அது தெரியவே தெரியாது. ஆகஸ்ட் வந்தால் "செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இதே ரகம். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் மிக நெருங்கி வந்தது. அன்றைக்கும் நடுவில் 5.5 கோடி கிலோமீட்டருக்கு மேல். வெறும் கண்ணுக்கு அது பளிச்சென்ற ஒரு புள்ளி மட்டுமே.

இன்னொருவர் கேட்டார், "அங்க போயி டேப் பிடிச்சது யாரு? எல்லாம் வெள்ளைக்காரன் சொன்னது." பாதி உண்மைகூட இல்லை. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தது. சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிட உலகமே காத்திருந்த நாள். அதை மக்களுக்கு விளக்கச் சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி இந்திய மொழிகளிலும் ஆங்கிலத்திலும் சிறு நூல் எழுதினார். அந்த ஆய்வகம் இருந்தது நுங்கம்பாக்கத்தில். சூத்திரம் எளிது: விரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடுங்கள், விரல் நகரும். பூமியின் இரு மூலைகள்தான் இரண்டு கண்கள், வெள்ளிதான் விரல். பிறகு 1961இல் வெள்ளிக்கு ரேடார் அலை அனுப்பித் திரும்பி வந்த நேரத்தையும் அளந்தாயிற்று. இன்றைய கணக்கில் சூரியனின் தூரம் 14.96 கோடி கிலோமீட்டர்.

சார்ட் அச்சடிப்பவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பூமியை ஒரு மில்லிமீட்டர் புள்ளியாக வைத்தாலும் அதைச் சூரியனிலிருந்து கிட்டத்தட்ட 12 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். எந்தச் சுவரில் மாட்டுவது? ஆனால் "அளவும் தூரமும் உள்ளபடி இல்லை" என்று அடியில் ஒரு வரி போடலாமே. எங்கள் கிளப் சார்ட்டில் அது இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கெட்ச் பேனாவால் நானே எழுதிவிட்டேன். உங்கள் பிள்ளையின் பள்ளிச் சுவரையும் ஒருமுறை பாருங்கள்.