முதியோருக்குத் தேவை ஓய்வு மட்டுமா?

நோய்க்கு மருந்து, மருந்துக்குப் பின் ஓய்வு என்பது நம் வீடுகளில் வழிவழியாக இருந்துவரும் எண்ணம். நமக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் இவ்வெண்ணத்தால் கெடுதல் இல்லை. ஆனால் 70 வயதைக் கடந்த பாட்டி ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால்? பக்கவாதத்தால் தாத்தா ஒருவரின் கையும் காலும் சோர்ந்துபோனால்? அவர்களுக்கு ஓய்வு மட்டும் போதுமா? போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

படுக்கை உடலை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 2007-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நோய் ஏதுமற்ற முதியோர் சிலரை 10 நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அதற்குள் அவர்களுடைய கால்களில் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்துவிட்டது! நலமாக இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், நோயுற்றவர்களின் நிலை என்ன? தசை குறைவதோடு போவதில்லை. படுக்கைப் புண் வருகிறது. நெஞ்சில் சளி கட்டுகிறது. கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறைகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக மனம் ஒடிந்துவிடுகிறது.

இவ்வுண்மையை நெடுநாள் முன்பே உணர்ந்தவர் ஒரு பெண் மருத்துவர். லண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மார்ஜரி வாரனிடம், 1935-இல், பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளிகள் 700 பேருக்கு மேல் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் பலர், இனித் தேறமாட்டார்கள் என்று கைவிடப்பட்டுப் படுத்தே கிடந்த முதியோர். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார், படுக்கையை விட்டு எழுப்பினார், நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். அவர்களைப் படுக்கையில் வைத்திருந்தது நோய் மட்டுமன்று, பிறருடைய நம்பிக்கையின்மையும்தான் என்பது அப்போது விளங்கியது.

நம் தமிழ்நாட்டிலும் இத்துறைக்கு வித்திட்டவர் ஒரு பெண்மணியே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. அப்போது அவர் முதியவர் அல்லர். ஆயினும், இழந்ததையே எண்ணிக் கிடவாமல் எஞ்சியிருப்பதைப் பயன்படுத்த வேண்டும் என்ற அவருடைய வாழ்க்கைப் பாடம் எந்த வயதினருக்கும் பொருந்துமன்றோ?

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் பெரும்பாலும் மறுநாளே எழுந்து நிற்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். பக்கவாதம் கண்டவர்கள் ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால், மூளையின் பழுதுபடாத பகுதிகள் அவ்வேலையைக் கற்றுக்கொள்கின்றன. ஆனால் வீட்டுக்கு வந்ததும் நடப்பது என்ன? "நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்" என்று அன்பு மிகுதியால் நாமே சோற்றை ஊட்டுகிறோம், தலை வாரிவிடுகிறோம். ஊட்டிவிடும் ஒவ்வொரு வேளையும் அந்தக் கைக்குப் பயிற்சி ஒன்று குறைகிறது. பத்து நிமிடம் ஆனாலும், பாதி சிந்தினாலும், அவரே உண்ணட்டும் என்று பொறுமையோடு பக்கத்தில் அமர்ந்திருப்பதே உண்மையான அன்பு.

"மறுபடியும் விழுந்துவிட்டால்?" என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அதற்காகத்தான் பிசியோதெரபி நிபுணரின் யோசனை வேண்டும். குளியலறையில் கைப்பிடி, இரவில் விளக்கு, வழுக்காத தரை, கையில் வாக்கர் ஆகியவை இருந்தால் அச்சம் பெரிதும் குறையும். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து அளிக்கும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. பயிற்சி பணக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். முதியவரைக் கவனிக்கும் பொறுப்பு எப்போதும் அம்மாவின் தலையிலும் வீட்டுப் பெண்பிள்ளைகளின் தலையிலுமே விழுகிறது. தாத்தாவைக் கைப்பிடித்து வாசல்வரை நடத்திச் செல்ல அண்ணனுக்கும் தம்பிக்கும் கையில்லையா? வீட்டிலுள்ள அனைவரும் ஆளுக்கு அரைமணி நேரம் கொடுத்தால் யாருக்கும் சுமை தெரியாது.

"இந்த வயதில் இனி நடந்து என்ன ஆகப்போகிறது?" என்ற பேச்சு முதியோரின் காதில் விழவே கூடாது. பிறர் துணையின்றிக் கழிப்பறைக்குச் செல்வதும், ஞாயிறன்று கோவிலுக்கு நடந்து போவதும், அடுப்பங்கரையில் தம் கையால் ஒரு காப்பி போட்டுக்கொள்வதும் நமக்குச் சிறியனவாகத் தோன்றலாம். அவர்களுக்கு அவை மானத்தோடு வாழும் வாழ்வு. தோழியரே, நாம் தத்தி நடந்த நாளில் விழுவோம் என்று அஞ்சி அவர்கள் நம்மைத் தொட்டிலிலேயே வைத்திருக்கவில்லை. விரலைக் கொடுத்து நடத்தினார்கள். இன்று அந்த விரலைக் கொடுக்கும் முறை நம்முடையது.